தந்தது தந்ததுதான்

ராஜசேகரனிடம் ஒரு சொல் அகப்பட்டுவிட்டால் அதன் குலம் கோத்திரம் எல்லாம் விசாரிக்காமல் விடமாட்டார். கனடாவில், மார்க்கம் என்ற ஊரில், கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கட்டடத்தில் அவருடைய ஆய்வு நிறுவனம் இருந்தது. தமிழ்க் குடும்பங்களிடம் போய்க் குடியிருப்புக் கணக்கு எடுப்பதற்கென்று ஐந்தாறு பேரை வேலைக்குச் சேர்த்து, முதல் நாள் கூட்டி இருத்தினார். பஸ் காசு தனியாகத் தருவாரா என்று வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, அவர் வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுத் திரும்பினார்.

"டேட்டா, டேட்டான்னு நாள் பூரா சொல்றோமே, அப்படின்னா என்ன?"

வந்தவர்கள் பலகையையும் ஒருவரை ஒருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு அதுதான் வேண்டும்.

"லத்தீன்ல 'டாரே'ன்னா கொடுக்கறது. 'டாட்டும்'னா கொடுக்கப்பட்டது. அதோட பன்மைதான் நாம சொல்ற டேட்டா. கொடுக்கப்பட்டவை. அவ்வளவுதான். நாம எதையும் உண்டாக்கலை, கண்டுபிடிக்கலை. ஜனங்க கொடுக்கறாங்க, நாம பத்திரமா வாங்கிட்டு வர்றோம். இது மனசுல இல்லாதவங்களுக்கு இந்த வேலை சரிப்படாது."

பின்வரிசையில் இருந்த றோசலினுக்கு இது பிடித்துப் போயிற்று. அவள் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். பழைய காலத்து இலத்தீன் செபங்களை வாய் மாறாமல் சொல்லுகிற தகப்பனுக்குப் பிறந்தவள். அப்பத்தைக் கேட்டு மன்றாடுகிற இடத்தில் 'டா' என்று ஒரு சொல் வரும். அப்பா ஏன் கடவுளை 'டா' போட்டுக் கூப்பிடுகிறார் என்று சின்ன வயதில் அவளுக்குப் பயமாக இருக்கும். தாரும் என்பதைத்தான் மனிதர் அப்படிக் கேட்டிருக்கிறார் என்பது, முப்பத்தாறு வயதில், மார்க்கத்தில் வைத்துத்தான் விளங்கியது.

"எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்திலை இதைத் தரவு எண்டு போட்டிருந்தது சேர். அதுவும் தாறதுதானே?" என்றாள்.

"ம்ம், அப்படியும் சொல்லலாம்," என்றார் ராஜசேகரன். ரோமாபுரியில் இருந்து சிரமப்பட்டுக் கொண்டுவந்து இறக்கிய சாமானை ஒருத்தி பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் நல்ல மனுசன். முகத்தைச் சுளிக்காமல் விதிமுறைகளுக்குப் போனார்.

வீடுகளில் எதையும் வாங்கக் கூடாது, தேநீர்கூடக் கூடாது என்றார். யாழ்ப்பாணத்துச் சனத்தின் வீட்டில் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் 'தெரியாது' என்றுதான் பதில் வரும் என்பது திருச்சியில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? அந்த விதி முதல் வாரமே செத்துப் போயிற்று. மற்றது, சொன்னதை மட்டும் எழுத வேண்டும். எழுதியதைத் திருத்துவதென்றால் தந்தவரே கையெழுத்து வைத்துத் திருத்த வேண்டும், வாங்கியவரும் கூடக் கையெழுத்து வைக்க வேண்டும். கடைசியில் வாங்கியவர் கையெழுத்து வைக்காத எந்தத் தாளும் செல்லாது. இதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

பிறகு பழகிப் பார்ப்பதற்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "உங்க வீட்டையே எழுதுங்க," என்றார். வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் றோசலின் 'ஒன்று' என்று எழுதினாள். அவர் அந்தத் தாள்களை வாங்கி மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டார்.

கணக்கெடுப்பை நடத்தச் சொன்னது வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் சில கட்டடங்களை வைத்திருந்த ஒரு வீட்டுவசதிச் சபை. வருமானத்துக்கு ஏற்ற வாடகை என்பதால் அங்கே இடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். எந்த வீட்டில் ஆட்களுக்குத் தேவையானதை விட அறை கூடுதலாக இருக்கிறது என்று கண்டுபிடித்தால், அவர்களைச் சின்ன வீட்டுக்கு மாற்றிவிட்டுப் பெரிய குடும்பத்துக்கு இடம் கொடுக்கலாம். நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நியாயமான காரியங்கள்தான் சில வேளை ஆளைப் போட்டு மிதிக்கின்றன.

லோறன்ஸ் அவெனியூ பஸ்ஸில் வந்து இறங்கி, றோசலின் கார்த்திகை மாதக் குளிரில் வீடு வீடாக ஏறினாள். அப்படித்தான் பாலேஸ்வரியின் வீட்டுக்கும் வந்தாள். பாலேஸ்வரிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கணவர் இராஜரட்ணம் மிசிசாகாவில், விமான நிலையத்தில் துப்புரவு வேலை. மகள் நிலக்சி உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அந்த வீட்டில் மூன்று படுக்கையறை.

தேத்தண்ணி வந்தது. றோசலின் குடித்தாள். கேட்டாள்.

"வீட்டிலை ஆர் ஆர் இருக்கிறியள் அக்கா?"

"நாங்கள் நாலு பேர். இவர், நான், மூத்தவன் மிதுனன், கடைக்குட்டி நிலக்சி."

"மூத்தவர் வேலைக்குப் போட்டாரோ?"

"அவன் இன்னும் வந்து சேரேல்லை, பிள்ளை."

றோசலின் நிமிர்ந்து பார்த்தாள். பாலேஸ்வரி எழும்பிப் போய் ஓர் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். கட்டில் விரித்துக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு குளிர் ஜாக்கெட், கடைச் சீட்டுக்கூடக் கழற்றாமல் தொங்கியது.

"போன விண்டருக்கு எடுத்தது. அவன் இப்ப எந்த அளவு இருப்பானெண்டு இவரோடை கடைக்குள்ளை நிண்டு சண்டை. கனடாவுக்கு வாறதுக்கெண்டு கொழும்பிலை வந்து லொட்ஜிலை நிண்டவன். பிளேன் ரிக்கற்றும் கையிலை. ஆர் பிடிச்சதெண்டும் தெரியாது, எங்கை கொண்டு போனதெண்டும் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலை பஸ் ஏறேக்கை, போட்டு வாறன் அம்மா எண்டு சொன்னவன்."

றோசலின் அறைக்குள் காலை வைக்கப் போனாள். பாலேஸ்வரி தடுக்கவில்லை. ஆனால் சொன்னாள்: "அதுக்குள்ளை நான் விளக்குமாறு கொண்டு போறேல்லை. வக்கூம் மெஷினும் இல்லை. ஈரத் துணியாலை முழங்காலிலை நிண்டு துடைக்கிறனான். பயணம் வெளிக்கிட்டவன் போய்ச் சேரமுன்னம் ஆரும் வீடு கூட்டுறவையே?"

கூட்டுவதில்லைதான். குருநகரில் வேதக்காரரான கிறிஸ்தவர் வீடுகளிலும் கூட்டமாட்டார்கள். ஒருவர் பயணம் புறப்பட்டால், போய்ச் சேர்ந்த செய்தி வரும் வரையில் விளக்குமாறு மூலையிலேயே கிடக்கும். கூட்டினால் போனவரையும் சேர்த்துக் கூட்டித் தள்ளியதாகிவிடும். றோசலின் தாளை மடியில் வைத்தாள். கட்டத்தில் 'நான்கு' என்று எழுதினாள். கீழே குறிப்புக்கென்று விட்டிருந்த இடத்தில், 'மகன் இன்னும் வந்து சேரவில்லை, அறை அவருக்கு என்று தாய் சொன்னார்' என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். பாலேஸ்வரி கையெழுத்து வைத்தாள்.

அடுத்த கிழமையே ராஜசேகரன் கூப்பிட்டார். தாள் அவர் மேசையில் கிடந்தது.

"ரோசலின், இந்தப் பையன் அங்க இருக்கானா இல்லையா?"

"இல்லை சேர்."

"அப்ப மூணு பேர்தானே? எனக்கு மட்டும் மனசு இல்லையா? படிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா சபை கேக்கறது அறையில யார் தூங்கறாங்கன்னு. இதை இப்படியே அனுப்பினா அது தப்பு. டேட்டாவைச் சுத்தம் பண்ணணும்."

"குறிப்பிலை எழுதியிருக்கிறன்தானே?"

"குறிப்பைக் கம்ப்யூட்டர் படிக்காது. அந்தக் கட்டத்துல நம்பர் மட்டும்தான் போகும். போய் ஒரு திருத்தச் சீட்டுல அந்த அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவள் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். இதை ஒளிக்கக் கூடாது: றோசலின் அன்றைக்கு ஒரு வீராங்கனையாக எழும்பவில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது. அதோடு, மூன்று என்பது பொய்யும் இல்லை. எப்படிச் சொன்னால் மனுசி கையெழுத்து வைப்பாள் என்று பஸ்ஸில் முழு வழியும் யோசித்துக்கொண்டு போனாள்.

பாலேஸ்வரி சீட்டை வாங்கி வாசிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் அவள் பக்கமாகத் தள்ளினாள். நிலக்சி சோபாவில் புத்தகமும் கையுமாக இருந்தாள்.

"மூண்டு எண்டு போட்டால் என்ன நடக்கும்?"

"சின்ன வீட்டுக்கு மாறச் சொல்லிக் கடிதம் வரும் அக்கா. ரெண்டு அறை வீடு."

"அவன்ரை அறை?"

றோசலின் அவசரமாக வாயைத் திறந்தாள். "உது சும்மா பேப்பரிலைதானே அக்கா. மனசிலை அவர் எப்பவும் இருப்பார்தானே."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாலேஸ்வரி கோபப்பட்டுக் கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் மெல்லத்தான் கதைத்தாள்.

"பேப்பரிலைதானே எண்டு லேசாச் சொல்லிப்போட்டீர். அவன் வேறை எங்கை இருக்கிறான், பிள்ளை? பொலிஸ் இல்லை எண்டிட்டுது. ஆமி இல்லை எண்டிட்டுது. ஆமிக் காம்புகாம்பாய் அலைஞ்சன், எல்லாரும் உப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டிட்டாங்கள். அவன் இருக்கிறான் எண்டு சொல்ல இந்த உலகத்திலை நான் ஒருத்திதான் மிச்சம். நானும் இல்லை எண்டு கையெழுத்து வைக்கிறதோ?"

"எனக்கு விளங்குது அக்கா..."

"விளங்குதோ? நீரும் உப்பிடி ஒரு தாள் நிரப்பியிருப்பீர்தானே, உம்மட வீட்டிலை எத்தினை பேர் எண்டு எழுதினனீர்?"

வீடு வீடாக ஏறி வருகிறவள் யார் என்று வெக்ஸ்போர்ட் ஒரே வாரத்தில் விசாரித்து வைத்திருந்தது. றோசலினின் கணவன் அன்புராசாவை ஒரு சோதனைச் சாவடியில் இறக்கிக்கொண்டு போனது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அவள் அகதி வழக்குப் போட்டபோது, உரைபெயர்க்க வந்தவர், "காணாமல் போனவர் எண்டால் கேள்விக்கு மேலை கேள்வி வரும் தங்கச்சி, செத்தவர் எண்டு போடுவம், வழக்கு லேசாப் போகும்," என்றார். அவள் தலையாட்டினாள். வழக்கு லேசாகத்தான் போனது. அன்றிலிருந்து அரசாங்கத்தின் எல்லாப் புத்தகங்களிலும் அவள் விதவை. கழுத்தில் மட்டும் தாலி இருந்தது. அதைச் சால்வையால் மூடிக்கொண்டு திரிந்தாள்.

"ஒண்டு," என்றாள் றோசலின்.

பாலேஸ்வரி அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினாள். அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

நிலக்சிதான் எழும்பி வந்தாள். இந்த நாட்டில் படிக்கிற பிள்ளை, நியாயம் கதைத்துத் தாயைச் சம்மதிக்க வைப்பாள் என்று றோசலின் எண்ணினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"அன்ரி, ஐ டோன்ட் ஈவன் றிமெம்பர் ஹிம் தற் மச்," என்றாள் நிலக்சி. "அண்ணா என்னைச் சைக்கிள்ளை ஏத்தினது மட்டும்தான் ஞாபகம். பட் அது அவரின்ரை றூம். என்ரை ஃபிரெண்ட்ஸ் வந்து கேட்டாலும் நான் அண்ணான்ரை றூம் எண்டுதான் சொல்லுறனான். அம்மா சைன் பண்ண மாட்டா. அப்பாவும் மாட்டார். நானும் மாட்டன். ஓகே?"

திருத்தச் சீட்டை இரண்டாக மடித்து, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மரியாதையாகத்தான் வைத்தாள்.

றோசலின் தேத்தண்ணியை மிச்சம் விடாமல் குடித்தாள். எழும்பும்போது அவளுக்குள் ஏதோ சூடாகி வந்தது. பாலேஸ்வரி மீது இல்லை. தலையாட்டிய அந்த றோசலின் மீது. அவளுக்குப் பதிலாகத் தாங்களே ஒரு பதிலை எழுதிவிட்டு, அதையும் அவள் தந்தது என்று போட்டுக்கொண்ட அத்தனை பேர் மீதும். பஸ் தரிப்பில் நின்றபோது குளிர்கூட உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே மார்க்கம் பஸ்ஸைப் பிடித்தாள்.

ராஜசேகரன் வெறும் சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"கையெழுத்து எங்க?"

"வைக்க மாட்டினமாம்."

"சரி விடுங்க. நானே மூணுன்னு போட்டுடறேன். நீங்க கீழ ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"போட மாட்டன் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? நான் ஏதோ ஏமாத்தச் சொல்ற மாதிரி பேசறீங்க. அந்தப் பையன் அங்க இல்லைங்கறது உண்மையா, இல்லையா?"

"உண்மை. அதைத்தானே நான் குறிப்பிலை எழுதி, தாயின்ரை கையெழுத்தும் வாங்கித் தந்தனான். நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. ஆனால் மூண்டு எண்டு அந்த மனுசி சொல்லேல்லை. சொல்லாததை அவ தந்தது எண்டு எழுத நீங்கள் ஆர்? டேட்டா எண்டால் குடுக்கப்பட்டது எண்டு சொல்லித்தந்தது நீங்கள்தானே."

"நான் சொன்னது சொல்லோட அர்த்தம். வேலைன்னு வந்தா அதைத் தூக்கிக்கிட்டு அலைய முடியுமா?"

"வேலைக்கு உதவாத அர்த்தத்தை ஏன் சேர் முதல் நாளே பலகையிலை எழுதினனீங்கள்?" அவளுடைய குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நிற்கட்டும் என்று அவள் விட்டாள். "நீங்கள் சுத்தம் பண்ணோணும் எண்டு சொன்னது என்னத்தை எண்டு தெரியுமே? அந்தப் பெடியனை. அவன் போய் ஆறு வருசம், அவன்ரை தாய் இன்னும் அவன்ரை அறையைக் கூட்டேல்லை. இஞ்சை இருந்துகொண்டு நீங்கள் கூட்டிப்போடுவியள், நான் கையெழுத்து வைக்கிறதோ? நீங்கள் இதிலை கை வைச்சால், வெக்ஸ்போர்டிலை நான் எடுத்த ஒரு தாளிலையும் கையெழுத்து வைக்க மாட்டன். ஒண்டிலையும் இல்லை. வேறை ஆளை அனுப்பித் திருப்பி எடுங்கோ. ஆர் போனாலும் அந்த வீட்டிலை நாலு எண்டுதான் சொல்லுவினம்."

வாங்கியவர் கையெழுத்து இல்லாத தாள் செல்லாது. அது ராஜசேகரனே எழுதிய விதி. சபைக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய நாளோ தலைக்கு மேல் வந்து நின்றது. அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டு, பேனையை எடுத்து, எழுதாமலே கீழே வைத்தார். பயம்தான் காரணம் என்று அவரை மட்டம் தட்டலாம். பயமும் இருந்தது. ஆனால் தன் வாயால் இரண்டு தரம் சொன்ன விதியைத் தானே மீறுவது அந்த மனிதருக்கு உண்மையிலேயே தொண்டையில் முள்ளாகத்தான் நின்றது.

கடைசியில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஓர் எண்ணைத் தட்டினார். திரையை அவளுக்குத் தெரியும்படி திருப்பினார். நான்கு.

"அடுத்த வருஷம் சபையே நேரா ஆள் அனுப்பிப் பார்க்கும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அப்ப வாறவைக்கும் அறையைத் திறந்து காட்டுவினம்."

"அடுத்த கட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன், ரோசலின். தெரியுதா?"

"தெரியும் சேர்." தெரிந்துதான் வந்திருந்தாள். தன் தாள்களை எல்லாம் இழுத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டு முடித்தாள். முடித்துவிட்டு எழும்பவில்லை.

"இன்னும் என்ன?"

"முதல் நாள் பழகிறதுக்கு எழுதின தாள். என்ரை வீடு. அதை ஒருக்கால் தாங்கோ."

அவர் ஒன்றும் விளங்காமல் லாச்சியைத் திறந்து, கிளறி எடுத்துக் கொடுத்தார். றோசலின் 'ஒன்று' என்பதைக் கோடு போட்டு வெட்டினாள். பக்கத்தில் 'இரண்டு' என்று எழுதினாள். பெயர் எழுதுகிற இடத்தில், தன் பெயருக்கு மேலே, அன்புராசா என்று எழுதினாள். எத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெயரைக் கையால் எழுதுகிறாள்! எழுத்துத் தெளிவாக வந்தது. குறிப்பில், 'இன்னும் வந்து சேரவில்லை' என்று போட்டாள். தந்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, இரண்டையும் அவளே வைத்தாள்.

ராஜசேகரன் தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது. "இது பிராக்டிஸ் ஷீட்டும்மா. இதை யாரும் எங்கேயும் அனுப்பப் போறதில்லை."

"அனுப்ப வேண்டாம். பிழையாத் தந்தனான், திருத்திப்போட்டன். தந்தவர்தானே திருத்தோணும்?"

எழும்பினாள். சால்வையைக் கழுத்தில் சுற்றாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அன்புராசா கட்டிய தாலி சட்டைக்கு வெளியே கிடந்தது. அதை உள்ளே தள்ளவில்லை.

"போட்டு வாறன் சேர்."

"வர வேண்டாம்னுதானே சொன்னேன்," என்றார் அவர். கோபத்தில் சொன்னதல்ல, என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது.

றோசலின் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் எல்லாரும் வெளிக்கிடுறது சேர். என்ரை அவரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவர்."